மேடையும் போர்க்களமும்

விராட தேசத்து ராஜகுமாரன் உத்தரனின் கதையை அறியாதவர்கள் நம் நாட்டில் அநேகமாக இல்லை. கௌரவ சேனை பசுக்களை ஓட்டிக்கொண்டு போகிறது என்ற செய்தி வந்தபோது அவன் அந்தப்புரத்தில் பெண்களின் நடுவே இருந்தான். நல்ல சாரதி ஒருவன் மட்டும் கிடைத்துவிட்டால் பீஷ்மர், துரோணர், கர்ணன் அனைவரையும் நொடிப் பொழுதில் முறியடித்துத் திரும்புவதாக அங்கே வீரம் பேசினான். சாரதியும் கிடைத்தான், ரதமும் கிளம்பிற்று. கடல் போல் பரந்து நின்ற சேனையைக் கண்ட மாத்திரத்தில் ராஜகுமாரன் ரதத்திலிருந்து குதித்து ஊரை நோக்கி ஓட்டம் பிடித்தான். கதாகாலட்சேபத்தில் பாகவதர் இந்தக் கட்டத்துக்கு வரும்போது சபை முழுவதும் சிரிப்பது வழக்கம்.

நாமும் சிரித்திருக்கிறோம். ஆயினும் உத்தரனுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அவன் வீரம் பேசியது, தானே போகவிருந்த யுத்தத்தைப் பற்றி. இக்காலத்தில் தேர்தல் மேடைகளில் யுத்தத்தைப் பற்றி முழங்குகிறவர்கள் பெரும்பாலும் போர்க்களத்துக்குப் போவதில்லை. பேசுகிறவர் ஒருவர், போகிறவர் வேறொருவர். பேசியவர் ஓடி வரவேண்டிய அவசியமே இல்லை. போனவர் திரும்பி வருவார் என்ற நிச்சயமும் இல்லை.

அந்நிய நாட்டில் இருந்துகொண்டு நம் ஜனங்களைக் கொல்லும் பயங்கரவாதிகள் மீது சேனையை ஏவுவதைப் பற்றித் தேர்தலில் நிற்கும் அபேட்சகர் எவ்வாறு பேச வேண்டும்? பேசவே கூடாதா? அல்லது வாயில் வந்ததையெல்லாம் பேசலாமா? இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். உதாரணம் தேடுவதற்கு ஐக்கிய அமெரிக்காவே தக்க இடம். 2001-ம் வருஷத்துக்குப் பிறகு அங்கே நடந்த தேர்தல்களில் இந்த விஷயம் மீண்டும் மீண்டும் மேடைக்கு வந்திருக்கிறது. பேசிய பேச்சும் இருக்கிறது. அதன் பிறகு நடந்த காரியமும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

* * *

2000-ம் வருஷம் அக்டோபர் மாதம் 11-ந் தேதி ஜனாதிபதி பதவிக்கு நின்ற இருவர் ஒரே மேஜையின் முன் உட்கார்ந்து விவாதித்தார்கள். ஒருவர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ். மற்றவர் ஜனநாயகக் கட்சியின் அல் கோர். அமெரிக்கா பிற நாடுகளிடம் அடக்கத்துடன் நடந்துகொள்ள வேண்டும் என்றும், அந்நிய தேசங்களில் புதிய அரசாங்கங்களைக் கட்டி எழுப்பும் வேலைக்குச் சேனையை அனுப்பக் கூடாது என்றும் அன்று புஷ் சொன்னார். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. அவரே பதவிக்கும் வந்தார்.

அந்த விவாதம் நடந்து சரியாகப் பதினோரு மாதம் ஆன தினம் 2001 செப்டம்பர் 11. அன்று அல்கொய்தா கூட்டத்தார் நான்கு பிரயாண விமானங்களைக் கைப்பற்றினார்கள். இரண்டு விமானங்கள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் மீது மோதின. ஒன்று ராணுவத் தலைமை நிலையமாகிய பெண்டகன் மீது மோதிற்று. மற்றொன்று பென்சில்வேனியாவில் வயல்வெளியில் விழுந்தது. ஏறக்குறைய 3000 பேர் மாண்டார்கள். அக்டோபர் 7-ந் தேதி ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்காவின் தாக்குதல் ஆரம்பமாகி, 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசி வரையில் அந்த யுத்தம் நீடித்தது. 2400-க்கு மேற்பட்ட அமெரிக்கத் துருப்பினரும், பல பதினாயிரம் ஆப்கானியரும் அதில் உயிர் இழந்தார்கள். எந்த வேலைக்குச் சேனையை அனுப்பக் கூடாது என்று புஷ் மேஜையின் முன் உட்கார்ந்து சொன்னாரோ, அதே வேலைக்குக் கோடி கோடியாக டாலர் செலவாயிற்று. கடைசித் துருப்புகள் கிளம்புவதற்கு முன்பே, ஆகஸ்டு 15-ந் தேதி, பழைய தாலிபான்களே காபூலுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

புஷ் ஓட்டர்களை ஏமாற்றினார் என்பது நம் கட்சியல்ல. அடுத்த வருஷம் என்ன நேரும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அபேட்சகர்கள் ஜோசியர்கள் அல்லவே! இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது ஒன்று உண்டு. எந்த நாட்டின் மீது படையெடுப்பார், எதன் மீது எடுக்கமாட்டார் என்று அபேட்சகரிடம் ஜாபிதா கேட்பதில் பயன் குறைவு. விபத்து வந்து வாசலில் நிற்கும்போது எந்தத் தராசில் போட்டு நிறுப்பார் என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாபிதா மாறிவிடும், தராசு அவ்வளவு சுலபமாக மாறாது.

* * *

தராசு இல்லாமல் காரியம் செய்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் செப்டம்பர் மாதமே காட்டிற்று. 14-ந் தேதி அமெரிக்கக் காங்கிரஸின் இரு சபைகளிலும் ஒரு தீர்மானம் வந்தது. தாக்குதலைச் செய்தவர்கள், அவர்களுக்கு உதவியவர்கள், இடம் கொடுத்தவர்கள் யார் என்று ஜனாதிபதி முடிவு செய்கிறாரோ, அவர்கள் மீது தக்க பலத்தைப் பிரயோகிக்க அது அவருக்கு அதிகாரம் அளித்தது. முக்கியமான வாக்கியம் ஆங்கிலத்தில் அறுபதே வார்த்தைகள் கொண்டது. அந்த அறுபது வார்த்தைகளில் ஒரு நாட்டின் பெயரும் இல்லை. முடிவுத் தேதியும் இல்லை. செனட் சபையில் 98 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. பிரதிநிதி சபையில் 420 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர். கலிபோர்னியாவைச் சேர்ந்த பார்பரா லீ என்னும் அம்மையார் அவர்.

துக்கமும் கோபமும் கொதித்துக்கொண்டிருந்த அந்த நாளில் அவர் சபையில் எழுந்து நின்று, சற்று நிதானிக்க வேண்டும் என்றும், முடிவு தெரியாத யுத்தத்தில் இறங்கிவிடக் கூடாது என்றும் சொன்னார். அதற்குப் பலனாக வந்தவை வசைகள், கொலை மிரட்டல்கள். போலீஸ் காவல் இல்லாமல் அவர் வெளியே போக முடியாத நிலைமை உண்டாயிற்று. ஆனால் அடுத்த வருஷத் தேர்தலில் அவருடைய தொகுதி ஜனங்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 2025-ம் வருஷம் ஜனவரி வரையில் அவர் அந்தச் சபையில் அங்கத்தினராக இருந்தார்.

அல்கொய்தாவின் மீது கை ஓங்கியிருக்கவே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். 3000 பேரைப் பறிகொடுத்த தேசம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தர்மமும் ஆகாது, ராஜதந்திரமும் ஆகாது. ஆனால் அந்த ஒரு பெண்மணி எழுப்பிய கேள்வி, "இதற்கு எல்லை எங்கே?" என்பது, மற்ற 420 பேரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆதரித்து ஓட்டுப் போட்டுக்கொண்டே கேட்டிருக்கலாம். கேட்காததன் விளைவாக அந்த அறுபது வார்த்தைகளை ஆதாரமாகக் கொண்டு புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன் என்று நான்கு ஜனாதிபதிகள், இரு கட்சிகளையும் சேர்ந்தவர்கள், வெவ்வேறு நாடுகளில் ராணுவ நடவடிக்கை எடுத்தார்கள். செப்டம்பர் 11 அன்று தொட்டிலில் கிடந்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி அதே யுத்தத்துக்குப் போனார்கள்.

* * *

அடுத்த வருஷத்துக் கதை இன்னும் வருந்தத்தக்கது. 2002-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி காங்கிரஸ் தேர்தல். அதற்கு நான்கு வாரம்கூட இல்லாதபோது, அக்டோபர் 10, 11 தேதிகளில், ஈராக் மீது படையெடுக்க அதிகாரம் அளிக்கும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. பிரதிநிதி சபையில் 296-க்கு 133, செனட் சபையில் 77-க்கு 23 என்ற கணக்கில் நிறைவேறிற்று. தேர்தல் வாசலில் நிற்கும்போது, "எதிர்த்தால் கோழை என்பார்களே!" என்ற பயம் ஓட்டுப் போட்ட கைகளில் எத்தனை கைகளை உயர்த்திற்றோ, அது அவரவர் மனச்சாட்சிக்கே வெளிச்சம். மறு வருஷம் மார்ச் மாதம் படையெடுப்பு நடந்தது. சதாம் உசேன் குவித்து வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட நாசகார ஆயுதங்கள் அகப்படவே இல்லை.

அந்தத் தேர்தலில் ஜார்ஜியா மாகாணத்தில் மாக்ஸ் கிளிலண்ட் என்பவர் செனட் பதவிக்கு மீண்டும் நின்றார். 1968-ம் வருஷம் வியட்நாம் யுத்தகளத்தில் இரண்டு கால்களையும் வலது கையையும் இழந்தவர் அவர். ஈராக் தீர்மானத்தையும் ஆதரித்து ஓட்டுப் போட்டவர். அப்படியிருந்தும், உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்று புதிய இலாகா ஏற்படுத்துவதில் ஜனாதிபதியுடன் அவர் மாறுபட்டார் என்ற காரணத்தைக் கொண்டு, எதிர்த்து நின்றவர் டெலிவிஷனில் ஒரு விளம்பரம் வெளியிட்டார். அதில் ஒசாமா பின் லேடனுடைய முகமும் சதாம் உசேனுடைய முகமும் தோன்றின. அவற்றை அடுத்துக் கிளிலண்டின் முகமும் தோன்றிற்று! தேசத்துக்காக மூன்று அவயவங்களைக் கொடுத்த மனிதருக்குத் தேசத்தின் மீது பற்று உண்டா என்று கேட்காமல் கேட்டது அந்த விளம்பரம். குடியரசுக் கட்சியிலேயே ஜான் மெக்கெயின் அதை வெட்கக்கேடு என்று கண்டித்தார். ஆனாலும் தேர்தலில் கிளிலண்ட் தோற்றார்.

இதைப் படிக்கும்போது நம் உள்ளம் கொதிக்கிறது. ஆனால் விளம்பரம் செய்தவரை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயமாகாது. விளம்பரம் பலிக்கும் என்று நம்பியதால்தானே அதைச் செய்தார்கள்? பார்த்தவர்கள் முகம் சுளித்து டெலிவிஷனை அணைத்திருந்தால் அடுத்த தேர்தலில் யாரும் அந்த வழிக்கே போயிருக்கமாட்டார்கள். மேடையில் நிற்பவரின் பேச்சை எழுதிக் கொடுப்பது, எதிரே உட்கார்ந்திருப்பவரின் கைதட்டல்தான்.

2003-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி புஷ் ஒரு விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் நின்று, ஈராக்கில் பெரும் சண்டை முடிந்துவிட்டதென்று அறிவித்தார். எடுத்த காரியம் முடிந்தது என்று பொருள்படும் பெரிய பதாகை அவருக்குப் பின்னால் தொங்கிற்று. படம் மிக அழகாக அமைந்தது. ஆனால் ஈராக்கில் இறந்த அமெரிக்கத் துருப்பினர் 4400-க்கு மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பதாகை தொங்கிய தினத்துக்குப் பிறகே இறந்தார்கள்.

* * *

உண்மையைச் சொல்லும் அபேட்சகர்கள் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருந்தார்கள். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

2004-ம் வருஷத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் அபேட்சகராக ஜான் கெர்ரி நின்றார். வியட்நாமில் போர் புரிந்து பதக்கம் பெற்றவர். யுத்தச் செலவுக்கான 8,700 கோடி டாலர் மசோதாவைப் பற்றி அவரிடம் கேட்டபோது, எதிர்த்து ஓட்டுப் போடுவதற்கு முன் தான் ஆதரித்தும் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார். விஷயம் என்னவென்றால், செல்வர்களுக்குக் கொடுத்த வரிச் சலுகையைக் குறைத்து அந்தப் பணத்தைத் திரட்டும் திட்டத்தை அவர் ஆதரித்தார். அப்படியில்லாத திட்டத்தை எதிர்த்தார். சொன்னது உண்மைதான். ஆனால் சொன்ன விதம் எதிரிக்கு விருந்தாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

பிறகு ஒரு பேட்டியில், பயங்கரவாதத்தை அடியோடு ஒழிப்பது சாத்தியமில்லை என்றும், அது ஜனங்களின் வாழ்க்கையை ஆட்டிவைக்காமல் வெறும் தொல்லை என்ற அளவுக்குக் குறைந்துவிட வேண்டும் என்றும் கெர்ரி சொன்னார். ஊரில் திருட்டை அடியோடு ஒழித்துவிட்டேன் என்று எந்தப் போலீஸ் அதிகாரி சொல்ல முடியும்? அதைப் போன்ற யோக்கியமான பேச்சு இது. ஆனால் பயங்கரவாதத்தின் கொடுமையையே உணராதவர் என்று எதிர்க்கட்சியார் அவரைத் தூற்றினார்கள். அவர் தோற்றதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். எனினும் பின்னால் வந்த அபேட்சகர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: சுருக்கமாகப் பேசு, கடுமையாகப் பேசு, நிபந்தனை எதுவும் சொல்லாதே. இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்த உபாத்தியாயர்கள் ஓட்டர்களே.

* * *

இனி, நம் கேள்வியின் மையமான இடத்துக்கு வருவோம். 2007-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி, அப்போது அபேட்சகராக இருந்த பாரக் ஒபாமா வாஷிங்டனில் ஒரு பிரசங்கம் செய்தார். அல்கொய்தாவின் முக்கியத் தலைவர்கள் பாகிஸ்தானத்தில் இருக்கும் இடம் பற்றி நம்பத்தகுந்த துப்புக் கிடைத்து, அந்நாட்டு ஜனாதிபதி முஷாரப் நடவடிக்கை எடுக்காவிட்டால், அமெரிக்காவே எடுக்கும் என்றார். உடனே நாலா பக்கமும் ஆட்சேபம் எழுந்தது. ஜனாதிபதி பதவிக்கு நிற்பவர் மனத்தில் நினைப்பதையெல்லாம் சொல்லிவிடக் கூடாது என்றார் அவருடைய கட்சியிலேயே போட்டியிட்ட ஹில்லாரி கிளிண்டன். 2008-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி நடந்த விவாதத்தில், இவ்விதமான காரியங்களை உரக்கச் சொல்லக் கூடாது, அவசியம் நேர்ந்தால் செய்துகொள்ள வேண்டியதுதான் என்றார் மெக்கெயின்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பாகிஸ்தான் அப்போது அமெரிக்காவின் துணை நாடு. ஆப்கானிஸ்தானத்துச் சேனைக்குச் சாமான்கள் அந்நாட்டின் வழியாகவே போய்க்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட நாட்டின் எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழைவேன் என்று மேடையில் சொன்னால், அங்குள்ள ஜனங்களுக்கு ரோஷம் வராதா? ஒத்துழைக்க நினைப்பவர்களின் கையும் கட்டுண்டு போகாதா? மெக்கெயினின் கவலை பொருளற்றதல்ல.

ஆயினும் ஒபாமாவின் பேச்சை உற்று நோக்கினால் அதில் ஓர் அளவு தெரிகிறது. யார் மீது என்று சொன்னார்: ஒரு கூட்டத்தின் தலைவர்கள் மீது. எந்த நிபந்தனையில் என்று சொன்னார்: துப்பு உறுதியானதாக இருக்க வேண்டும், அந்நாட்டு அரசாங்கம் முன்வராமல் இருக்க வேண்டும். எப்படி, எந்த வழியாக, எந்த ஆயுதத்தோடு என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. 2011-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி இரவில் அபோட்டாபாத் நகரில் ஒரு மாளிகையில் அமெரிக்கக் கடற்படையின் சிறு கூட்டம் ஹெலிகாப்டரில் போய் இறங்கி, பின் லேடனைக் கொன்றுவிட்டுத் திரும்பிற்று. பாகிஸ்தான் அரசாங்கத்துக்குக்கூட முன்னால் சொல்லவில்லை. அதாவது, கொள்கையை நான்கு வருஷம் முன்பே ஊரறியச் சொல்லி ஓட்டுக் கேட்டார். காரியத்தைக் கடைசி நிமிஷம் வரை ரகசியமாக வைத்துக்கொண்டார். ஓட்டர்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்திருந்தது. எதிரிக்குத் தெரியக் கூடாதது தெரியவில்லை. இந்த முறையே சரியான முறை என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் அதே கட்சியார் 2012-ம் வருஷத் தேர்தலில் அந்த வெற்றியை எடுத்துச் சந்தையில் கடை பரப்பினார்கள். எதிர்த்து நின்ற ராம்னி இந்தக் கட்டளையை இட்டிருப்பாரா என்று கேட்டு விளம்பரம் செய்தார்கள். பின் லேடன் இறந்துவிட்டான், ஜெனரல் மோட்டார்ஸ் உயிரோடிருக்கிறது என்று மேடைக்கு மேடை பேசினார் உபஜனாதிபதி பைடன். ஒரு கொலைகாரனின் மரணத்தையும் ஒரு மோட்டார் கம்பெனியின் பிழைப்பையும் ஒரே மூச்சில் சொல்ல அரசியல் மேடை ஒன்றினால்தான் முடியும்!

அந்தத் தேர்தலில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. அந்த வருஷங்களில் ஆளில்லா விமானங்கள் பாகிஸ்தானத்திலும் ஏமன் தேசத்திலும் குண்டு வீசிக்கொண்டிருந்தன. குற்றமற்றவர்களும் அதில் இறந்தார்கள். அக்டோபர் 22-ந் தேதி அந்நிய நாட்டு விவகாரங்களைப் பற்றியே நடந்த விவாதத்தில், இதைக் குறித்து ராம்னியிடம் கேள்வி வந்தது. ஜனாதிபதி செய்வது சரி என்று அவர் சொன்னார். அத்துடன் விஷயம் தீர்ந்தது. இருவரும் ஒத்துப்போகும் விஷயத்தில் ஓட்டர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டாம். அந்தத் தாக்குதல்களுக்கு என்ன விதிகள் என்பதை ஒபாமா விஸ்தாரமாக எடுத்துச் சொன்னது 2013-ம் வருஷம் மே மாதத்தில்; அதாவது இரண்டு தேர்தல்களும் முடிந்த பிறகு.

* * *

கடைசியாக ஒரு கட்டம். 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம், சிரியாவிலும் ஈராக்கிலும் 'இஸ்லாமிய ராஜ்யம்' என்று பெயரிட்டுக்கொண்ட பயங்கரக் கூட்டத்தைப் பற்றிக் குடியரசுக் கட்சி அபேட்சகர்கள் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். கம்பளம் விரித்தாற்போல் குண்டு மாரி பொழிந்து அழிப்பேன், பாலைவன மணல் இருட்டில் ஒளி வீசுமா என்று பார்த்துவிடுவோம் என்றார் டெட் குரூஸ். பயங்கரவாதிகளின் குடும்பத்தாரையும் தீர்த்துக் கட்ட வேண்டும் என்றார் டொனால்டு டிரம்ப். அந்தக் கூட்டத்தார் செய்த கொடுமைகளைக் கேட்டவர்களுக்குக் கோபம் வருவது இயற்கையே. ஆனால் பெண்டு பிள்ளைகளைக் கொல்வது யுத்த தர்மத்துக்கும் விரோதம், அமெரிக்கா கையெழுத்திட்ட உடன்படிக்கைகளுக்கும் விரோதம்.

அப்போது, அமெரிக்க உளவு ஸ்தாபனத்துக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஜெனரல் மைக்கேல் ஹேடன், அப்படிப்பட்ட கட்டளை பிறந்தால் சேனை அதற்குக் கீழ்ப்படிய மறுக்கும், மறுக்கவும் வேண்டும் என்று சொன்னார். 2016-ம் வருஷம் மார்ச் 3-ந் தேதி விவாதத்தில், மறுக்கமாட்டார்கள் என்றார் டிரம்ப். மறுநாளே, சட்டத்தை மீறும்படி தான் கட்டளையிடப் போவதில்லை என்று அறிக்கை வெளியிட்டார்.

இங்கேதான் நாம் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். தேர்தல் மேடையிலிருந்து வரும் பேச்சு ஓட்டர்களின் காதுக்கு மட்டும் போவதில்லை. துப்பாக்கியைத் தோளில் சுமந்து நிற்கும் சிப்பாயின் காதுக்கும் போகிறது. நாளைக்கு எந்தக் கட்டளைக்குத் தலைவணங்க வேண்டியிருக்குமோ என்று அவன் மனம் சஞ்சலப்படுகிறது. குண்டு விழப்போகும் ஊரில் இருக்கும் தாய்மார்களின் காதுக்கும் போகிறது. எங்களுக்கும் கொலைகாரர்களுக்கும் இவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லையே என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பைத்தான் பயங்கரவாதி எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். தன் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்கு அவனுக்கு வேறு துண்டுப் பிரசுரம் தேவையில்லை; எதிரி நாட்டு அபேட்சகரின் பிரசங்கமே போதும்.

நாம் உபாத்தியாயர் தொழில் செய்கிறவர்கள். நம்மிடம் படித்த பிள்ளைகளில் சிலர் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். கடைத் தெருவில் யுத்தத்தைப் பற்றி எல்லோரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் நாட்களில், அதைப் பற்றி மிகக் குறைவாகப் பேசுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளே என்பதை நாம் பல தடவை கவனித்திருக்கிறோம்.

* * *

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். 2019-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி காஷ்மீரத்தில் புல்வாமாவில் பயங்கரவாதி ஒருவன் வெடிமருந்து நிரப்பிய வண்டியைக் கொண்டு மோதியதில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் உயிர் துறந்தார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். 26-ந் தேதி நமது விமானப் படை பாகிஸ்தானத்தில் பாலாகோட்டைத் தாக்கிற்று. ஏப்ரல் 11-ந் தேதி பொதுத் தேர்தலின் ஓட்டுப் பதிவு தொடங்கவிருந்தது. அங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்று மேடைகளில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். எதிர்மேடைகளில் அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள்.

அந்த அமளியின் நடுவில், மார்ச் 4-ந் தேதி, விமானப் படையின் தலைவர் தனோவா கோயம்புத்தூருக்கு வந்திருந்தார். பத்திரிகைக்காரர்கள் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். குறி வைத்த இடத்தை அடித்தோமா இல்லையா என்பதைத்தான் விமானப் படை கணக்கெடுக்கும், செத்தவர்களை எண்ணுவது அதன் வேலையல்ல என்று அவர் பதில் சொன்னார். யுத்தத்தைத் தொழிலாகக் கொண்டவரின் பேச்சு எவ்வளவு அடக்கமாக இருக்கிறது பாருங்கள்! மார்ச் 9-ந் தேதி தேர்தல் கமிஷனும், சிப்பாய்களின் படங்களைக் கட்சிகள் பிரசாரத்துக்கு உபயோகிக்கக் கூடாது என்று எச்சரிக்கை செய்தது. 2013-ம் வருஷத்திலேயே சொன்ன புத்திமதிதான் அது. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே, எந்தத் தேசத்திலும் எந்தக் கட்சி அபேட்சகரும் இந்த விஷயத்தைப் பேசத்தான் வேண்டும் என்பது நம் முடிவு. ஜனங்களின் பிள்ளைகளையும் பணத்தையும் கேட்கப் போகிறவர் ஜனங்களிடம் வாய் திறவாமல் இருப்பது நியாயமாகாது. எப்போது, எங்கே, எவ்விதம் என்பதை அவர் மறைத்துக்கொள்ளட்டும். அதை நாம் கேட்கமாட்டோம். ஆனால் நான்கு கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். யார் மீது கை ஓங்கப் போகிறீர்? எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய சம்மதத்தோடு? உயிரிலும் பொருளிலும் எவ்வளவு செலவுக்குத் துணிவீர்? எந்த நிலை ஏற்பட்டால் போதும் என்று சேனையைத் திருப்பி அழைப்பீர்? இவற்றுக்குப் பதில் சொல்லும்போது எதிர்த்து நிற்பவரைத் தேசத் துரோகி என்று சொல்லாமலும், இறந்த சிப்பாயின் படத்தைத் தம் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டாமலும் இருந்தால், அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவரானாலும் நாம் மரியாதையுடன் கேட்போம்.

பதில் சற்று நீளமாகத்தான் இருக்கும். நிபந்தனைகள் வரும், "தெரியவில்லை" என்ற சொல்லும் நடுவில் வரலாம். அதற்காக எழுந்து போய்விடாமல் உட்கார்ந்து கேட்பது நம் கடமை. அடுத்த தடவை ஒருவர் மேடையில் ஏறி, எல்லோரையும் நொடியில் அழித்துவிடுவேன் என்று முழங்கும்போது, கை தட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் யோசிப்போம். பேதை உத்தரனுக்கு அர்ச்சுனனே சாரதியாக வந்து வாய்த்தான், அதனால் பிழைத்தான். நமக்கு அப்படித் தானாக வந்து வாய்ப்பாரில்லை. நம் பிள்ளைகள் ஏறிப் போகும் ரதத்துக்கு நாமே ஓட்டுப் போட்டுத்தான் சாரதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.